ஊர் திரும்பாத தூதர்

யானுஸ் லாஸ்காரிஸ் கான்ஸ்டான்டினோபிளில் பிறந்தது 1445-ஐ ஒட்டி. 1453 மே 29 அன்று அந்த நகரம் துருக்கியர் வசமானபோது அவருக்கு எட்டு வயது இருக்கலாம். தெருவும் வீடும் மனதில் பதியும் வயது அது. ஆனால் போனது எவ்வளவு பெரிது என்று விளங்கும் வயதல்ல. அந்த விளக்கம் பிறகு, அந்நிய மண்ணில், படிக்கப் படிக்கத்தான் வந்து சேரும். லாஸ்காரிஸ் தொண்ணூறை நெருங்கும் வரை வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளும் அந்த நகரம் அவரை விடவில்லை.

அகதியாக வெனிஸ் வந்தவரைக் கைதூக்கி விட்டவர் கர்தினால் பெஸ்ஸாரியோன். அவரும் கிரேக்கர்தான். லத்தீன் கற்க லாஸ்காரிஸைப் பதுவாவுக்கு அனுப்பி வைத்தார். நகரம் விழுந்த பிறகு கிரேக்க நூல்களை ஓடி ஓடிச் சேர்த்து, 1468-இல் அவற்றை வெனிஸ் அரசிடம் ஒப்படைத்தவர் அவர். தம் மக்களில் மிஞ்சியவர்கள் என்றாவது தேடி வந்தால், முன்னோரின் எழுத்து ஒரே இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1472-இல் பெஸ்ஸாரியோன் காலமானார். அந்தக் கவலை மாணவருக்குச் சொத்தாக வந்தது.

லாஸ்காரிஸின் வாழ்க்கையில் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஒரு பயணத்தில். பிளாரன்ஸின் தலைவர் லொரென்சோ தெ மெதிச்சி, தம் நூலகத்துக்குக் கிரேக்கச் சுவடிகள் வாங்க அவரை இருமுறை கிழக்கே அனுப்பினார். 1490-க்கும் 1492-க்கும் இடையில் கோர்ஃபு, தெசலோனிக்கா, அத்தோஸ் மலை மடங்கள், கிரீட் தீவு என்று அலைந்தார். கான்ஸ்டான்டினோபிளுக்கும் போனார். பிறந்த ஊருக்கு நாற்பது ஆண்டு கழித்துப் போகிறார். இன்னொரு நாட்டின் முகவராக, சுல்தான் இரண்டாம் பயசித்தின் ஆட்சியில், பணம் கொடுத்துத் தம் முன்னோரின் நூல்களை வாங்குவதற்காகப் போகிறார். அப்போது அவர் எழுதிய குறிப்பேடு இன்றும் வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. எந்த ஊரில், யாரிடம், என்ன நூல் என்ற பட்டியல்தான் அதில் பெரும்பகுதி. எனக்கு அது வெறும் பட்டியலாகத் தெரியவில்லை. இடிந்த வீட்டுக்குள் போய், எஞ்சிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து வைக்கிற ஒருவரின் கை தெரிகிறது.

சுமார் 200 சுவடிகள் கிடைத்தன. ஆனால் 1492 ஏப்ரல் 8 அன்று, அவர் பயணம் முடித்துத் திரும்பும் முன்பே லொரென்சோ இறந்துவிட்டார். தேடச் சொன்னவர் தேடியதைப் பார்க்கவில்லை.

அச்சு அப்போது புதிது. 1494-இல் பிளாரன்ஸில் கிரேக்கக் குறுங்கவிதைகளின் பெருந்திரட்டை லாஸ்காரிஸ் பதிப்பித்தார். அதை முழுக்க முழுக்கப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டார். அந்தக் காலத்துக் கையெழுத்தின் சுழிகளும் கூட்டெழுத்துகளும் அவருக்கு வேண்டாம். பழைய கல்வெட்டுகளில் கண்ட வடிவமே வேண்டும். எழுத்தின் உருவத்திலாவது அந்தப் பழைய நாட்டைத் தொட்டுவிட வேண்டும் என்ற தவிப்பு அதில் இருக்கிறது.

அதே ஆண்டில் பிரான்ஸ் மன்னர் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் படையோடு வந்தார். கான்ஸ்டான்டினோபிள் அரியணை உரிமையைக் கடைசிப் பேரரசரின் தம்பி மகனிடமிருந்து எழுதி வாங்கியவர் அவர். லாஸ்காரிஸ் அவரோடு பிரான்சுக்குப் போனதில் வியப்பில்லை. சார்லஸ் 1498-இல் இறந்தார். படை கிழக்கே திரும்பவே இல்லை. அடுத்து வந்த பன்னிரண்டாம் லூயிக்காக லாஸ்காரிஸ் வெனிஸில் தூதராக இருந்தார். அங்கே ஆல்டஸ் மனூட்டியஸின் அச்சகத்துக்குத் துணை நின்றார். 1509-இல் பிரான்சே வெனிஸ் மீது போர் தொடுத்ததும் அந்தப் பதவி முடிந்தது. பிறகு, லொரென்சோவின் மகன் பத்தாம் லியோ போப்பாகி அவரை ரோமுக்கு அழைத்தார். குவிரினால் குன்றில் கிரேக்க இளைஞர்களுக்கான கல்லூரி பிறந்தது. போன இடமெல்லாம், ஊரில்லாத பிள்ளைகளுக்கு மொழியாவது இருக்கட்டும் என்று பாடுபட்டார்.

1525-இல் பவியா போரில் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா சிறைப்பட்டார். ஏறத்தாழ எண்பது வயதில், போப் ஏழாம் கிளெமென்ட்டின் தூதராக லாஸ்காரிஸ் ஸ்பெயினுக்குப் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் போனார். மன்னரை விடுவியுங்கள், கிறிஸ்தவ அரசர்கள் ஒன்றுபட்டுத் துருக்கியரை எதிர்க்கட்டும் என்று மன்றாடினார். அதே காலத்தில்தான் அந்த மன்னருக்காக பிரெஞ்சு அரசவை சுல்தான் சுலைமானிடமே உதவி கேட்டுத் தூது அனுப்பியது. வாழ்நாள் முழுதும் நம்பிய வாசல் அப்படி அடைபட்டது.

1530-களின் நடுவில் ரோமில் இறந்தார். சாந்த் அகாத்தா தேவாலயத்தில் அடக்கம். கல்லறைக்கான வரிகளைத் தாமே கிரேக்கத்தில் எழுதி வைத்திருந்தார். இடம் கொடுத்த அந்நிய மண்ணை அவர் அதில் குறை சொல்லவில்லை. தாய்நாட்டில் தம்மவருக்குச் சுதந்திர மண் இல்லாமல் போனதே என்றுதான் வருந்தினார்.

கான்ஸ்டான்டினோபிள் விழுந்ததால் ஐரோப்பாவுக்குக் கிரேக்க அறிவு கிடைத்தது என்று வரலாற்றுப் புத்தகங்கள் ஆறுதலாக எழுதுகின்றன. லாஸ்காரிஸை அறிந்த பிறகு அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. அவரை விட அதிகமாக அந்த அறிவைச் சுமந்து வந்தவர்கள் வெகு சிலர். பிளாரன்ஸின் லொரென்சியானா நூலகத்தில் அவர் கொண்டுவந்த சுவடிகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. அவ்வளவும் செய்த மனிதர் கடைசியில் கேட்டது ஊரைத்தான். நூல்களுக்காக அவருக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அந்த நூல்கள் போன ஊருக்கு ஈடு என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. அவரே அப்படிச் சொல்லவில்லை.