தடம் மாறிய குருதி

குருதியோட்டத்திற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இதயத்தினின்று தமனிகள் வழியே விசையுடன் புறப்படும் குருதி, மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகளில் நுழைந்து வேகம் தணிகிறது. உயிர்வளியையும் ஊட்டத்தையும் திசுக்களுக்கு வழங்கியபின், சிரைகள் வழியே இதயத்தை அடைகிறது. தந்துகிகளின் இடையீடின்றித் தமனியும் சிரையும் நேரே இணைந்துவிட்டால் இவ்வொழுங்கு குலைகிறது. தமனியின் விசையைத் தாங்காத சிரை புடைத்து நெளிகிறது. இணைப்பு பெரிதாயின் இதயத்தின் சுமையும் பெருகுகிறது.

இக்கோளாற்றை 1757ஆம் ஆண்டில் தெளிவுற விளக்கியவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர். பல நோய்களுக்கும் முழங்கை மடிப்பில் சிரையைக் கீறிக் குருதி வடித்த காலம் அது. கத்தி சற்று ஆழ்ந்து தமனியையும் துளைத்துவிட்டால், புறப்புண் ஆறிய பின்னும் உள்வழி மூடாது நிலைத்துவிடும். அவ்விடத்தைத் தொட்டால் அதிர்வு; செவி வைத்தால் சீறும் ஓசை. துளையை விரலால் அழுத்தினாலோ இரண்டும் அடங்கும். மார்பொலி கேட்கும் குழாய் 1816இல்தான் தோன்றியது. அதற்கு முன்னரே கையும் காதும் கண்டறிந்த உண்மை இது!

இன்று மீயொலிக் கருவி குருதியின் போக்கைக் காட்டுகிறது. சாயம் செலுத்தி எடுக்கும் ஊடுகதிர்ப் படம் இணைப்பின் இடத்தைத் துல்லியமாகச் சுட்டுகிறது. நுண்குழாயை உட்செலுத்தி அவ்வழியை அடைப்பதும், அறுவையால் நீக்குவதும் மருத்துவ முறைகள். ஆயினும், கண்டவற்றையெல்லாம் உடனே அகற்றுதல் அறிவுடைமை ஆகாது. மூளையில் அமைந்த இத்தகைய முடிச்சு வெடித்தால் உயிருக்கே இடர் நேரும். வெடிக்காததை நீக்க முயல்வதிலும் இடர் உண்டு. ஆகவே, நோயாளியின் வயதையும், முடிச்சின் அளவையும், அது அமைந்த இடத்தையும் சீர்தூக்கியே மருத்துவர் முடிவெடுக்கின்றனர்.

நோயாகக் கருதப்பட்ட இதே இணைப்பு மருந்தாகவும் மாறியது வியப்பன்றோ? சிறுநீரகம் செயலிழந்தோரின் குருதியைப் பொறியால் தூய்மையாக்க, மிகுதியான குருதி வேகமாகப் பாயும் வாயில் தேவை. 1960இல் வழக்கிற்கு வந்த வெளிக்குழாயில் குருதி உறைந்தது, கிருமியும் தொற்றியது. நியூயார்க்கைச் சேர்ந்த பிரெசியா, சிமினோ முதலிய மருத்துவர்கள், மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் தாமே இணைத்துப் பெற்ற வெற்றியை 1966இல் வெளியிட்டனர். தமனியின் விசையால் விரிந்து தடித்த சிரை, மீண்டும் மீண்டும் ஊசியை ஏற்கும் உறுதியைப் பெற்றது.

அத்தகைய இணைப்பைத் தாங்கிய நோயாளர், நாள்தோறும் அவ்விடத்தைத் தொட்டுப் பார்க்கும்படி அறிவுறுத்தப்படுகின்றனர். அதிர்வு நின்றுவிட்டால், வாயில் அடைபட்டிருக்கக்கூடும். உடனே மருத்துவரை நாட வேண்டும். ஹண்டரின் விரல்களுக்கு நோயை உணர்த்திய அதிர்வு, இவர்தம் விரல்களுக்கு இன்னொரு நாள் வாழ்வை உறுதிசெய்கிறது.