பக்தனுக்கு ஏன் மரண பயம்?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மாரியம்மனை நம்பியே ஆயுளைக் கழித்த நம் முதியோர், மறுபிறவியிலும் மோட்சத்திலும் சந்தேகமே இல்லாதிருந்தும் மரணத்துக்கு அஞ்சியதைப் பக்திக் குறைவென்று சிலர் பரிகசிப்பதை நான் ஒப்பமாட்டேன். 1942–43இல் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதைக்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டு, வாய்க்கரிசியோ கொள்ளியோ கருமாதியோ இன்றிக் காட்டுக்குழிகளில் புதையுண்ட கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, ஆத்மா அழியாதென்ற விசுவாசம் எத்துணை திடமாயினும், அந்த ஆத்மாவைக் கரைசேர்க்கும் கிரியைகள் தவறிவிடுமோ என்ற பீதி நியாயமானதே. சொல்லப்போனால், நம்பிக்கையற்றவனுக்கு இந்த அச்சத்துக்கே இடமில்லை! மார்க்கண்டேயனும் எமனைக் கண்டு சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்டவன்தானே? அவனை அபக்தன் என்று எவரும் சொன்னதில்லை.