சேமிப்புக்கும் வாசிப்பு வேண்டும்



"சிறுதுளி பெருவெள்ளம்" என்னும் பழமொழியைக் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இல்லை. எமது மக்களுக்குச் சேமிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இலண்டன் மாநகரில் இரவு பகலாக உழைத்து, ஊருக்கும் அனுப்பி, வீட்டு வாடகையும் கட்டி, எஞ்சியதைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கிவைக்கும் பெற்றோரை வாரந்தோறும் இப்பள்ளி வாசலிற் காண்கின்றேன். ஆயினும், சேர்த்த பணத்தை எங்கே வைப்பது, எவரை நம்புவது என்னும் வினாவுக்கு நாம் விடை தேடுவது பெரும்பாலும் வாய்ச்சொல்லிலேயே. உறவினர் சொன்னார், நண்பர் போட்டிருக்கிறார் என்பதே எமக்குப் போதுமான சான்றாகிவிடுகின்றது. இத்துறையில் வாசிக்கத்தக்கவை எவையெனப் பெற்றோர் சிலர் வினவியதன் விளைவே இக்கட்டுரை.

சீட்டு எமது பழைய ஏற்பாடு. 20 பேர் மாதம் 200 பவுண் வீதம் இட்டால், மாதந்தோறும் 4,000 பவுண் சேரும். அவசரத் தேவையுள்ளவர் கழிவு கூறி முன்னரே எடுப்பார். பொறுத்திருப்பவர் அக்கழிவின் பயனைப் பெறுவார். வந்த புதிதில் எம்மவர் பலருக்குக் கைகொடுத்தது இதுவே. ஆனால் சீட்டுப் பிடிப்பவர் ஒருநாள் காணாமற் போனால் என் செய்வது? நானறிந்த குடும்பமொன்று 14 மாதங்கள் கட்டிய பணத்தை இவ்வாறே இழந்தது. கையொப்பமிட்ட காகிதத் துண்டொன்றேனும் அவர்களிடம் இருக்கவில்லை.

இத்துன்பம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. நத்தார்ப் பண்டிகைக்கென மக்களிடம் தவணை முறையிற் பணம் சேர்த்த 'ஃபெயார்பாக்' என்னும் பிரித்தானிய நிறுவனம் 2006 ஒக்டோபரில் முறிந்தது. ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கட்டிவந்த 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பண்டிகைக்குச் சில வாரங்களின் முன் வெறுங்கையராயினர். அது வங்கியன்று, ஆதலால் வங்கி வைப்புகளுக்குரிய இழப்பீட்டுத் திட்டம் அவர்களைக் காக்கவில்லை. ஒரு நிறுவனம் அனுமதி பெற்றதா என்பதை நிதி நடத்தை அதிகாரசபையின் பதிவேட்டில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். காசைக் கொடுக்குமுன் வாசிக்க வேண்டியது அப்பதிவேடு.

எழுத்தின் அருமையை நான் உணர்ந்தது ஊரிலாகும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நான் மாணவன். என் தாயார் சீலைத் தலைப்பில் முடிந்து எடுத்துவந்தது வங்கிப் புத்தகத்தை. வீட்டிலிருந்த யாவும் போயின. அப்புத்தகத்திற் பதிந்திருந்த தொகை மட்டும் பின்னர் எமக்குக் கிடைத்தது. அதைக்கொண்டே நான் படிப்பைத் தொடர்ந்தேன்.

இனி, வாசிக்கத்தக்கவற்றைக் கூறுகின்றேன். முதலாவது நூலன்று, உங்கள் வீட்டு அலுமாரியிற் கிடக்கக்கூடிய ஒரு கடிதம். 2002 செப்டெம்பர் 1 முதல் 2011 சனவரி 2 வரை பிறந்து, குழந்தைக் கொடுப்பனவு வழங்கப்பட்ட பிள்ளைகளின் பெயரில், 'சைல்ட் ட்ரஸ்ட் ஃபண்ட்' எனும் கணக்குக்கு அரசு பணம் வழங்கியது. பெற்றோர் திறவாவிடின் அரசே கணக்கைத் திறந்துவிட்டது. பிள்ளைக்கு 18 வயதானதும் அப்பணம் பிள்ளைக்குரியது. இருப்பதையே அறியாமையால் இன்னும் எடுக்கப்படாத கணக்குகள் பல இலட்சம் உள. வரித் திணைக்களத்திடம் இலவசமாகக் கேட்டறியலாம்; தேடித்தருவதாகக் கூறிக் கட்டணம் கேட்போர் தேவையில்லை.

இரண்டாவது, 'யுவர் மணி மாட்டர்ஸ்' என்னும் பாடநூல். மார்ட்டின் லூயிஸ் என்பாரின் நிதியுதவியுடன் 2018 இல் வெளியாகி, இங்கிலாந்தின் அரச இடைநிலைப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டது. வரவுசெலவு, கடன், மோசடி ஆகியவற்றை எளிமையாக விளக்குகின்றது. மாணவர்களே, உங்கள் பாடசாலையிற் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஜோர்ஜ் கிளேசனின் 'பாபிலோனின் மாபெரும் செல்வந்தன்' பற்றிய ஆங்கில நூல் (1926). உழைப்பதிற் பத்திலொன்றைச் செலவுக்கு முன்பே ஒதுக்குக என்பதைக் கதைகளாற் கூறுவது. நான்காவது, பெற்றோருக்கு உரியது: ஜோன் போகிள் 2007 இல் எழுதிய முதலீட்டுக் கைந்நூல். 1976 இல் சாதாரண மக்களுக்கான முதலாவது சுட்டெண் நிதியத்தைத் தொடங்கியவர் அவர். ஒரு பங்கைத் தேடி அலையாமல் சந்தை முழுவதிலும் சிறுபங்கை மலிவாக வாங்குக, தரகும் கட்டணமும் இலாபத்தை அரிப்பதைக் கவனிக்க என்பது அவர் வாதம். பங்குகளின் பெறுமதி ஏறும், இறங்கும். விரைவில் தேவைப்படும் பணத்தை அங்கே இடலாகாது.

திருக்குறளையும் மறவாதீர். வரவறிந்து செலவிடும் அறிவுரையை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்தார். தன் வருவாயின் அளவை அறிவதும் தன் வலிமையை அறிவதே என்பது அவ்வைப்பினால் விளங்கும்.

கணித ஆசிரியனாயிருந்தமையால் ஒரு கணக்கையும் தருகின்றேன். 72 ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், தொகை இரட்டிப்பதற்கான ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். 6 வீத வட்டியிற் சேமிப்பு 12 ஆண்டுகளில் இரட்டிக்கும். 24 வீத வட்டியில் கட்டாது விட்ட கடன் மூன்றே ஆண்டுகளில் இரட்டிக்கும். பிள்ளை பிறந்த மாதம் முதல் மாதம் 25 பவுண் இட்டால் 18 ஆண்டுகளில் நீங்கள் இடுவது 5,400 பவுண். ஆண்டுக்கு 5 வீதம் வளருமாயின் அது சுமார் 8,700 ஆகும்.

இவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. பெற்றோருக்கு அனுபவம் உண்டு, ஆங்கில வாசிப்புக் கடினம். பிள்ளைக்கு வாசிப்பு எளிது, அனுபவம் இல்லை. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தாலன்றி இக்குறை தீராது. பிள்ளை வாசித்துத் தமிழில் விளக்க வேண்டும். அப்போது முதல், வட்டி, ஈடு, பிணை, கழிவு ஆகிய சொற்கள் அதற்குத் தேவைப்படும். அவற்றைக் கற்பிப்பது எம் கடன். பண்டிகைக்குரிய மொழியாக மட்டுமன்றி, வீட்டின் கணக்கைப் பேசும் மொழியாகவும் தமிழ் இங்கு வாழ வேண்டும். இவ்வாரமே வங்கியிலிருந்து வந்த கடிதமொன்றை எடுத்துப் பிள்ளையுடன் வாசித்துத் தொடங்குங்கள்.