போத்தலின் பின்பக்கம்

மதுவைப் பற்றி எழுதப் புகும் தமிழன், முதலில் தான் குடிகாரன் அல்லன் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்கவேண்டும் என்பது நம்மவரிடையே எழுதப்படாத விதி. அந்தச் சத்தியத்தை நான் செய்யப்போவதில்லை. பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணி பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பின்னர் நாங்கள் எங்கே போனோம் என்பதை இப்பொழுது மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அதேவேளை, குடி அழித்த வீடுகளையும் கண்டவன். எனவே இதை மதுவுக்குக் கொடி பிடிக்கும் கட்டுரையாக எவரும் கொள்ளவேண்டாம். மதுவைப் பற்றி மணிக்கணக்கிற் பேசும் ஒரு கூட்டத்தாரிடம் நான் கண்ட பழக்கம் ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன்.

என் தமக்கையின் மகன் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரில் வசிக்கிறான். நகரின் தெற்கெல்லையில் ஒகையோ ஆறு. ஆற்றைக் கடந்தால் பேர்பன் விஸ்கியின் தாய்நிலமாகிய கென்டக்கி. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவனுடன் ஒரு மாதம் தங்கியிருந்தபோது, தன் நண்பர் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றான். பாடசாலை ஆசிரியர் ஒருவர், குழாய் பொருத்தும் தொழிலாளி ஒருவர், ஓய்வுபெற்ற தபாற்காரர், மருத்துவமனைத் தாதி என எட்டுப் பத்துப் பேர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒருவர் வீட்டிற் கூடுவார்கள். ஆளுக்கொரு போத்தல் கொண்டுவருவார்கள். குடிப்பது கொஞ்சம், பேசுவதோ நள்ளிரவு வரை. எங்கள் ஊர்த் தவறணைகளில் நிலைமை மறுதலை என்பதை நான் அங்கே சொல்லவில்லை.

பேர்பன் என்பது சட்டத்தால் வரையறுக்கப்பட்ட பொருள். தானியக் கலவையில் 51 சதவீதமேனும் சோளம் இருக்கவேண்டும். ரை விஸ்கியாயின், கோதுமைக்கு உறவான ரை என்னும் குளிர்நாட்டுத் தானியம் அதே 51 சதவீதம். வடிக்கும்போது மதுசாரம் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பீப்பாயில் இடும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பீப்பாய், உட்புறம் தீயிற் கருக்கப்பட்ட புதிய ஓக் மரத்தாலானதாக இருக்கவேண்டும். ஒரு தடவை பயன்பட்ட பீப்பாயில் மறுபடியும் பேர்பனை ஊறவைக்க முடியாது. அவற்றுட் பெருந்தொகை ஸ்கொட்லாந்துக்குக் கப்பலேறும். நிறத்துக்கென்றோ சுவைக்கென்றோ எதனையும் சேர்க்க இயலாது, தண்ணீர் ஒன்றைத் தவிர. நமது தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் ஊறவைப்பார்கள் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஆங்கிலேயர் அந்த மரத்துக்குத் திருகோணமலை மரம் என்றே பெயரிட்டிருந்தார்கள். அதைச் சொன்னபோது அந்தக் கூட்டம் சிறிது நேரம் பேர்பனை மறந்து என்னைச் சூழ்ந்துகொண்டது.

அவர்கள் சுவையை வருணிக்கும் விதம் முதலில் எனக்குச் சிரிப்பையே தந்தது. ஒருவருக்குப் பழைய தோல் நாற்காலியின் வாசனை, இன்னொருவருக்குப் பாட்டி சுட்ட செர்ரிப் பழப் பணியாரம். என்னிடம் கேட்டார்கள். பேர்பனில் பனங்கட்டி தெரிகிறது, ரையில் கறுவாவும் கராம்பும் கொஞ்சம் மிளகும் என்றேன். பனங்கட்டி என்றால் என்ன என்பதை விளக்கக் கால்மணி நேரம் பிடித்தது. தாதி அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சும்மா சொன்ன வார்த்தையும் அல்ல அது. ஓக் மரத்தைக் கருக்கும்போது மரத்தின் சர்க்கரைப் பகுதி உருகிக் கருகுகிறது. வனிலாவுக்கு மணம் தரும் அதே பொருள் மரத்தின் நாரிலிருந்தும் பிறக்கிறது. கென்டக்கியின் கோடை வெப்பம் மதுவை மரத்துக்குள் தள்ளுகிறது. குளிர்காலம் வெளியே இழுக்கிறது. களஞ்சியத்தின் மேல்மாடியில் வெக்கை அதிகம், கீழ்மாடியிற் குறைவு. ஆகவே ஒரே நாளில் வடித்த ஒரே மது, ஆறு ஆண்டுகளின் பின்னர் இரண்டு மாடிகளில் இரண்டு சுவையாக நிற்கும்.

ரையா பேர்பனா என்ற வழக்கு அங்கே தீர்ந்தபாடில்லை. ரையின் பக்கம் வாதாடிய தபாற்காரர் சரித்திரத்தைத் துணைக்கழைத்தார். ஜோர்ஜ் வாஷிங்டன் தம் பண்ணையில் வடித்தது பெரும்பாலும் ரை விஸ்கிதான். 1799 ஆம் ஆண்டில் அந்த வடிசாலை ஏறத்தாழ 11,000 கலன் வடித்தது. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கின் பின்னர் ரை பழைய நிலைக்கு மீளவேயில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் காக்டெயில் கலப்பவர்கள் அதனைத் தேடி எடுத்து மறுபடியும் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். ரொறன்ரோ வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: கனடாவில் ‘ரை’ என்று விற்பதில் ரை தானியம் மிகச் சிறிதளவே இருக்கலாம். அங்கே சட்டம் அந்தப் பெயரைக் கனடிய விஸ்கி முழுவதற்கும் அனுமதித்திருக்கிறது.

ஒருநாள் போத்தல்களுக்குக் காகிதம் சுற்றி, இலக்கமிட்டு, எது எதுவென்று தெரியாமற் சுவைத்தார்கள். ஐந்து போத்தல்கள். அவற்றுள் ஒன்றை அதன் சொந்தக்காரர் பல நூறு டொலர் கொடுத்து இரண்டாங்கையில் வாங்கியிருந்தார். முடிவில் முதலாவதாக வந்தது வைல்ட் டர்க்கி 101. எந்தச் சந்தியிலும் கிடைக்கும் சரக்கு. பல நூறு டொலர் போத்தல் நான்காவது. சொந்தக்காரர் அதற்கே கடைசி இடத்தைக் கொடுத்திருந்தார் என்று காகிதத்தை உரித்தபோது தெரிந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் சுவைபார்ப்பதிலும் பார்க்க என்னைக் கவர்ந்தது வேறொன்று. மருமகன் ஒரு போத்தலை என் கையிற் தந்தான். முன்பக்கத்தில் தாடி வைத்த பெரியவர் ஒருவரின் படம், 19 ஆம் நூற்றாண்டின் ஓர் ஆண்டு, குடும்பக் கதை.

“மாமா, முன்பக்கத்தை விடுங்கோ. திருப்பிப் பின்னால என்ன கிடக்கெண்டு பாருங்கோ” என்றான்.

பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு எழுத்தில் ‘இந்தியானாவில் வடிக்கப்பட்டது’ என்றிருந்தது. தாடிப் பெரியவரின் ஊரோ வேறொரு மாநிலம்.

இந்தியானாவில் லோரன்ஸ்பேர்க் என்றொரு ஆற்றங்கரைப் பட்டினம் இருக்கிறது. சின்சினாட்டியிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணம். முன்னர் சீக்ரம் நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த பெரிய வடிசாலை ஒன்று அங்கே உண்டு. 2011 இல் அதனை எம்.ஜி.பி. என்ற நிறுவனம் வாங்கியது. 95 சதவீதம் ரை தானியத்தில் அது வடிக்கும் விஸ்கி, எத்தனையோ வணிகப் பெயர்களில், எத்தனையோ தாத்தாமாரின் கதைகளோடு விற்பனையாகியிருக்கிறது. அதில் மோசம் எதுவுமில்லை, நல்ல விஸ்கி. மோசம் கதையில்தான். அயோவா மாநிலத்து ரை ஒன்று, மதுவிலக்குக் காலத்துக் கிராமத்துப் பக்குவம் என்று விளம்பரம் செய்து, பின்னர் வழக்குக்கு உட்பட்டு, 2015 இல் வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்க இணங்கியது. இப்படி வடிசாலையே இல்லாத ‘வடிசாலை’களைச் சார்ள்ஸ் கௌடெரி என்ற எழுத்தாளர் ‘பொட்டெம்கின் வடிசாலைகள்’ என்று அழைத்தார். லேபலில் ‘வடித்தவர்’ என்றிருக்கிறதா, ‘தயாரித்தவர்’ என்றிருக்கிறதா, ‘போத்தலில் அடைத்தவர்’ என்றிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் பழகியவர்கள் இந்த ஆர்வலர்களே. (கென்டக்கியிலும் ஒரு லோரன்ஸ்பேர்க் இருக்கிறது, வைல்ட் டர்க்கியும் ஃபோர் ரோசஸும் அங்கேதான் வடிக்கப்படுகின்றன. ஒரே தொழில், ஒரே பெயர், இரண்டு ஊர். உதவி ஆசிரியர் ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்க வேறென்ன வேண்டும்?)

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ‘எமது நிருபர்’ என்ற இரண்டு சொற்கள். போர்க்காலத்தில் வவுனியாவிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் இருந்த பிரதேச நிருபர்கள், சோதனைச் சாவடிகளைக் கடந்து, தொலைபேசி கிடைத்த இடத்திலிருந்து செய்தி சொல்வார்கள். கொழும்பில் ஒருவர் அதனை எழுதியெடுப்பார், மற்றொருவர் திருத்துவார். மறுநாள் தலைப்புச் செய்தியில் ‘எமது விசேட நிருபர்’ என்றிருக்கும். பெயர் போடாததற்கு நியாயம் இருந்தது. பெயர் உயிருக்கு ஆபத்து. நான் அறிந்த நிருபர்களுட் சிலர் பெயர் போடாமலே கொல்லப்பட்டார்கள். ஆனால் 2009 இற்குப் பின்னர் அந்தக் காலத்துச் செய்திகள் தொகுப்புகளாக வந்தபோதும், ஆண்டுவிழா மலர்களில் மறுபிரசுரமானபோதும், நான் புரட்டிய பலவற்றில் அதே ‘எமது நிருபர்’தான் நின்றார். முன்பக்கத்தில் தாடிப் பெரியவர்களின் படங்கள் ஒழுங்காக இருந்தன.

டெனசி மாநிலத்தின் ஜாக் டானியல் கதையை அந்த மேசையிலேதான் முழுமையாகக் கேட்டேன். லிஞ்ச்பேர்க் ஊருக்கு அண்மையில் டான் கோல் என்ற லூதரன் போதகரின் பண்ணை. அங்கே விஸ்கி வடித்தவர் நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பின அடிமை. வேலைக்கு வந்த சிறுவன் ஜாக்குக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர். அடிமைத்தனம் ஒழிந்த பின்னர் ஜாக் தொடங்கிய வடிசாலையில் முதலாவது தலைமை வடிப்பாளராகவும் அவரே இருந்தார். 1967 இல் வெளிவந்த ஜாக் டானியலின் வாழ்க்கை வரலாற்று நூலில் அவர் பெயர் இருந்தது, ஊராருக்கும் தெரிந்திருந்தது. ஆயினும் உலகறிய அந்தக் கதை வெளிவந்தது 2016 இல், நிறுவனம் தன் 150 ஆவது ஆண்டைக் கொண்டாடியபோதுதான். அதனைப் பத்திரிகைச் செய்தியிற் படித்த ஃபோன் வீவர் என்ற பெண்மணி லிஞ்ச்பேர்க்குக்கே சென்று ஆவணங்களைத் தேடினார். அவருடைய முயற்சியில் 2017 இல் கிரீனின் பெயரிலேயே ஒரு விஸ்கி வந்தது. கிரீனின் படம் எதுவும் கிடைக்கவில்லை. ஜாக் டானியல் தம் தொழிலாளருடன் எடுத்துக்கொண்ட பழைய குழுப்படம் ஒன்றில், முதலாளியின் பக்கத்திலேயே ஒரு கறுப்பினத்தவர் அமர்ந்திருக்கிறார். அவர் கிரீனின் மகன் ஜோர்ஜ் என்று கருதப்படுகிறது.

மருமகனின் நண்பர்களைப் பற்றிப் புகழ்ச்சியாகவே எழுதிக்கொண்டு போகிறேன். ஒரு குற்றச்சாட்டும் உண்டு. வான் விங்கிள் என்ற குடும்பப் பெயரில் வரும் பேர்பன், ஆயிரக்கணக்கான டொலருக்குக் கைமாறும் அபூர்வப் பொருள். அதே வடிசாலையில், ரைக்குப் பதிலாகக் கோதுமை சேர்க்கும் அதே வகைப் பக்குவத்தில் வருவது வெல்லர் என்ற மலிவுப் பேர்பன் என்பதை இத்தகைய ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டு வகை வெல்லரைக் கலந்தால் ஏழையின் வான் விங்கிள் கிடைக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். விளைவு, வெல்லரும் தட்டிலிருந்து மறைந்தது. ஏழைக்கு இரண்டும் இல்லை. “நல்ல கடையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதாதே, மறுநாள் உனக்கு இருக்கை கிடையாது” என்று என் முதலாவது செய்தி ஆசிரியர் சொல்வதுண்டு. இத்தனை அலைச்சலுக்கும் காரணம் தட்டுப்பாடு என்றும் சொல்ல முடியாது. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கென்டக்கியின் களஞ்சியங்களில் 1 கோடி 60 இலட்சத்துக்கும் அதிகமான பீப்பாய்கள் ஊறிக்கொண்டிருந்தன. மாநிலத்தின் சனத்தொகை 45 இலட்சம் மட்டில்.

அவர்கள் எனக்குச் செய்த பரிந்துரை எளிமையானது. பெரிய பெயர்களை விட்டு, ‘பொட்டில்ட் இன் பொண்ட்’ என்று லேபலில் இருப்பதை வாங்கு என்றார்கள். 1897 ஆம் ஆண்டுச் சட்டம் அது. அந்நாட்களில் வெறும் மதுசாரத்துக்கு நிறமும் பழச்சாறும் ஊட்டி விஸ்கி என்று விற்றவர்கள் பலர். அதற்கு எதிராகவே அச்சட்டம் வந்தது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரச கண்காணிப்பிலுள்ள களஞ்சியத்தில் நான்கு ஆண்டுகளேனும் வைத்து, 50 சதவீத மதுசாரத்துடன் போத்தலில் அடைக்கவேண்டும். எந்த வடிசாலை என்பதையும் லேபலிற் காட்டவேண்டும். பெரும்பாலும் அது ஓர் இலக்கமாக இருக்கும். ரிட்டன்ஹவுஸ் ரை என்ற விஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உரிமையாளரான ஹெவன் ஹில் நிறுவனத்தின் பார்ட்ஸ்டவுன் வடிசாலையும் ஏழு களஞ்சியங்களும் 1996 நவம்பரில் எரிந்துபோயின. 90,000 பீப்பாய்கள் சாம்பலாயின. அதன்பின் சில காலம் வேறொரு நிறுவனத்தின் வடிசாலையிலேதான் அந்த ரை வடிக்கப்பட்டது. அக்காலத்துப் போத்தல்களில் 354 என்ற இலக்கம் இருக்கும். பின்னர் வந்தவற்றில் 1 என்றிருக்கும். முன்பக்கத்துப் பெயரில் எந்த மாற்றமும் இல்லை. 354 ஆ, 1 ஆ சிறந்தது என்று அந்த மேசையில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது.

ஊருக்குத் திரும்பும்போது ரிட்டன்ஹவுஸ் போத்தல் ஒன்றை வாங்கிவந்தேன். இலக்கம் 1. கிழக்கில் வாழும் பழைய பிரதேச நிருபர் ஒருவரிடம் அதனைக் கொண்டுபோனேன். அவர் தொலைபேசியிற் சொன்ன செய்திகளை எத்தனையோ இரவுகள் எழுதியெடுத்தவன் நான். பெயரை இங்கும் போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலை முதலில் திருப்பித்தான் பார்த்தார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இலக்கத்தைக் காட்டி அதன் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். 354 இல் வேலை செய்தவர்களுக்கு எரிந்த கதை தெரிந்திருக்குமா என்று கேட்டார். தெரிந்திருக்கும் என்றேன்.

பிறகு அந்த அருமையான ரையை இரண்டு கிளாஸ்களில் ஊற்றி, நான் தடுக்குமுன்னர், இரண்டிலும் இஞ்சிச் சோடாவை நிரப்பிவிட்டார்.