மழைக்கு ஒதுங்கி வாங்கியது

2002ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும். கண்டி மீரா மக்காம் பள்ளியில் அஸர் தொழுதுவிட்டு, பிள்ளைகளின் பெருநாள் உடுப்புப் பையோடு மணிக்கூட்டுக் கோபுரப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தகப்பன் அவனுடைய ஞாபகமாக நகருக்குக் கட்டிக் கொடுத்த கோபுரம் அது. கண்டி மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. பை நனையாமல் இருக்க, கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைந்தேன். ஆளொருவர் நிற்கக்கூடிய அகலந்தான். சுவரெல்லாம் இறுவட்டுகள்.

அரை மணித்தியாலம் ஒருவருடைய கடையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வெளியேற எனக்குக் கூச்சம். இது ஆசிரியத் தொழில் தந்த பலவீனமா, உம்மாவின் வளர்ப்பா என்று தெரியவில்லை. குர்ஆன் கிராஅத் இறுவட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. ஆங்கில அகராதி? அதுவும் இல்லை.

“கேம் ஒண்டு கொண்டு போங்க சேர், புள்ளைகளுக்கு” என்றான் கடைக்காரப் பொடியன்.

குதிரையில் ஒரு போர்வீரன் இருந்த, நிறம் மங்கிய போட்டோப்பிரதி அட்டை. நூற்றைம்பது ரூபா. ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகம். வீட்டில் இதை எப்படி நியாயப்படுத்துவது என்ற யோசனையோடுதான் பஸ் ஏறினேன். ஏனென்றால் கணினி விளையாட்டு, கேரம், தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் எதிராகக் கட்டுகஸ்தோட்டையில் அப்போது அதிகம் பேசிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். பெற்றோர் கூட்டத்தில் இது பற்றி ஒரு முறை இருபது நிமிடம் உரையாற்றியும் இருக்கிறேன்.

மூத்தவனுக்கு அப்போது பதினொரு வயது. வாய் திறக்காத பிள்ளை. என்னோடு அவன் பேசுவதெல்லாம் “ஓ வாப்பா”, “இல்ல வாப்பா” என்ற இரண்டுதான். பிழை அவனில் இல்லை. வீட்டிலும் நான் ஆசிரியராகவே இருந்தேன். இறுவட்டை அவன் கையில் கொடுத்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானே தவிர நம்பவில்லை. பெருநாள் முடியும் வரை கணினியைத் தொடக் கூடாது என்று நான் ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். பெருநாள் தொழுகை முடிந்து வந்து, வட்டிலப்பம் தின்ற கை காயுமுன் தொட்டுவிட்டான்.

நான் அன்று விறாந்தையில் வந்தவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து அவன் சத்தம் கேட்டது.

“வாப்பா, இங்க வாங்களே! இந்தாள் அரபுல பேசுறான்!”

அவன் என்னை ஒரு விடயம் காட்டக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். போனேன். திரையில் சிறு மனிதர்கள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனை அழுத்தினால் அரபியில் பதில் சொல்கிறான். ஒவ்வொரு சமூகமும் அவரவர் மொழியில் பேச வேண்டுமென்று அதைச் செய்தவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். குப்பா வைத்த அழகான பள்ளிவாசல் ஒன்றும் இருந்தது. ஆனால் அதன் பெயர் மடாலயம். உள்ளேயிருந்து வெளியே வருபவர் ஐரோப்பியத் துறவி. நான் சிரித்துவிட்டேன். மகனும் சிரித்தான்.

அந்த விளையாட்டு 1999இல் வந்தது. அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் செய்து, மைக்ரோசொஃப்ட் வெளியிட்டது. அதிலுள்ள கதைத் தொடர்களில் ஒன்று சலாஹுத்தீன் ஐயூபியுடையது. எனக்கு ஆச்சரியம் தந்தது கதையைச் சொல்பவன்தான். பாலைவனத்தில் வழிதவறி முஸ்லிம்களிடம் அகப்பட்ட ஒரு சிலுவைப் போர்வீரன். காட்டுமிராண்டிகளிடம் சிக்கிக்கொண்டதாக நினைத்தவன் மெல்ல மெல்ல அவர்களுடைய கல்வியையும் நாகரிகத்தையும் கண்டு, தன் பக்கத்து ஆட்கள் செய்ததை நினைத்து வெட்கப்படத் தொடங்குகிறான். 2001 செப்டெம்பருக்குப் பின்னர் எந்த ஆங்கிலப் படத்தைப் போட்டாலும் தாடி வைத்தவன் குண்டோடு வருகின்ற காலம் அது. நூற்றைம்பது ரூபா இறுவட்டொன்றில், எதிரியின் வாயால் சலாஹுத்தீனைக் கேட்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பின்னர் ஒரு மணித்தியாலம் அவன் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். அவன் விளையாடுவான், நான் அந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொல்வேன். ஹித்தீன் போர் வந்தது. 1187 ஜூலை. எதிரியைத் தண்ணீரிலிருந்து பிரித்ததுதான் சலாஹுத்தீனின் தந்திரம் என்று புத்தகத்தில் வாசித்துச் சொன்னேன். அடுத்து பைத்துல் முகத்தஸ். அதே ஆண்டு ஒக்டோபரில் நகரம் கைக்கு வந்தபோது படுகொலை நடக்கவில்லை. ஆணுக்குப் பத்துத் தீனார், பெண்ணுக்கு ஐந்து என்று மீட்புத் தொகை வைத்து மக்களைப் போகவிட்டார்கள். கட்ட முடியாதவர்களில் பலரையும் விடுவித்தார்கள், எல்லோரையும் அல்ல. இந்தக் கடைசிப் பகுதியை மகனிடம் சொல்வதா விடுவதா என்று யோசித்து, சொன்னேன்.

ஒருநாள் அவன் கேட்டான். “வாப்பா, இதுல தங்கம் சேர்த்தாத்தான் வெல்லலாம். சலாஹுத்தீன் மௌத்தாகக்குள்ள அவர்ட கிட்ட எவ்வளவு தங்கம் இருந்திச்சு?”

எனக்குத் தெரியாது. தேடினேன். 1193இல் திமஷ்கில் அவர் மௌத்தானபோது சொந்தக் கருவூலத்தில் ஒரு தங்க நாணயமும் நாற்பத்தேழு திர்ஹமும் இருந்ததாக, கூடவே இருந்த காழி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் எழுதியிருக்கிறார். சொன்னதும் மகன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப இந்த கேம்ல அவர் தோத்துப்போவார்” என்றான்.

பக்கத்து வீட்டுச் சிங்களப் பையனும் சீக்கிரமே சேர்ந்துகொண்டான். மகனைவிட ஒரு வயது இளையவன். எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயர் மல்லி. ஒரே கணினி, எனவே முறை வைத்து விளையாடினார்கள். வேடிக்கை என்னவென்றால், மகன் பிரான்சின் ஜோன் ஒஃப் ஆர்க்கைப் பிடித்துக்கொண்டான், மல்லிதான் சலாஹுத்தீன். ஒட்டகத்தில் வந்து வாளை வீசியெறியும் மம்லூக் வீரர்களில் அவனுக்கு அப்படி ஒரு மோகம். சலாஹுத்தீனின் கடைசிக் கட்டத்தில் அக்கா என்ற கடலோரக் கோட்டை நகரத்தைக் காக்க வேண்டும். மூன்று நாள் போராடிக் காத்தான். சரித்திரத்தில் அந்நகரம் 1191 ஜூலையில் வீழ்ந்துவிட்டது என்று நான் சொல்ல, அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் அங்க இருக்கல்லையே சேர்” என்றான்.

இதைக் கேள்விப்பட்ட ஒரு மௌலவி நண்பர், ‘சேரும் கேமுக்கு இறங்கிட்டீங்களாமே’ என்றார். சதுரங்கம் நம் ஷாபிஈ மத்ஹபில் சூதில்லாமல் ஆடினால் மக்ரூஹ்தானே, ஹராம் இல்லையே என்று நான் வாதாடினேன். அப்பாஸிய அரண்மனையில் அஸ்ஸூலி போன்றவர்கள் சதுரங்கத்துக்கு நூலே எழுதினார்கள் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “அந்த சீடி ஒரிஜினலா?”

பதில் இல்லை. கள்ளப் பிரதி என்பது வாங்கும்போதே தெரியும். தெரிந்தும் வாங்கினேன். ஹக்குல் இபாத் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். அந்த முள் நெடுநாள் இருந்தது. 2009இல் என்செம்பிள் ஸ்டூடியோஸ் மூடப்பட்டபோது, கடன் கொடுத்தவன் மௌத்தாகிவிட்டால் யாரிடம் அடைப்பது என்ற மஸ்அலா ஞாபகம் வந்தது.

இரண்டாவது விளையாட்டு முற்றிலும் வேறு மாதிரி. அது வந்த காலமும் வேறு.

2018 ஜனவரியில் மகன் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்தான். ஒரு இரவு தங்கையின் கைத்தொலைபேசியைப் பிடுங்கி, எதையோ தடவி, ‘ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன், பார்’ என்று சொல்லிக் கொடுத்தான். அட்டைப் படம் பிடித்ததால் வாங்கினானாம். இந்த முறை காசு கொடுத்து. ‘மொனுமென்ட் வெலி’ என்று பெயர். லண்டனில் உள்ள அஸ்டூ என்ற நிறுவனம் 2014இல் செய்தது. மகளுக்குப் படிப்பு. திறந்தும் பார்க்கவில்லை.

மார்ச் 5ஆம் திகதி திகன பற்றி எரிந்தது. அதற்கு முன் தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்திருந்தார். எரிந்த வீடொன்றினுள் நம் இளைஞர் ஒருவர் மௌத்தானார். 6ஆம் திகதி அவசரகால நிலை. 7ஆம் திகதி அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று எங்கள் பக்கம் வந்தது. அன்றே முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. கட்டாரிலிருந்து மகன் சாதாரண அழைப்பில் பத்து நிமிடத்துக்கொரு தடவை எடுத்துக்கொண்டிருந்தான். என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும்.

மஃரிப் முடிந்து விளக்குகளை அணைத்துவிட்டு இருந்தோம். பின்மதிலால் மல்லி ஏறிக் குதித்தான். தாடியும் மீசையுமாக, இப்போது இருபத்தாறு வயது ஆள்.

“பய வென்ன எபா சேர்” என்றான். பிறகு தமிழில், “நோனாவும் நங்கியும் எங்கட வீட்டுக்கு வரட்டும். நீங்களும் வாங்க.”

பெண்களை அனுப்பிவிட்டு நான் வீட்டில் இருப்பதாகச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அவர்களுடைய உள்ளறையில் பாய் விரித்திருந்தார்கள். அவனுடைய அக்காவின் ஆறு வயதுக் குழந்தை விழித்துக்கொண்டிருந்தது. வெளியே தூரத்தில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது எங்கள் முகத்தைப் பார்த்தது. நாங்கள் யன்னலைப் பார்த்தோம். மகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொலைபேசியைத் திறந்தாள். இணையம் தேவையில்லாமல் ஓடியது அது ஒன்றுதான்.

வெள்ளைத் தொப்பி வைத்த சிறு இளவரசி, பெயர் ஐடா. கோபுரங்களும் குப்பாக்களும் படிக்கட்டுகளுமாக ஒரு கட்டடம். அதைச் சுழற்றினால், சேரவே முடியாத இரண்டு பாதைகள் சேர்ந்துவிடுகின்றன. வெட்டு, குத்து, சாவு ஒன்றுமில்லை. கறுப்புக் காகங்கள் மட்டும் வழியை மறித்துக் கத்தும். குழந்தை ஒவ்வொரு படிக்கட்டாகச் சுழற்றியது. பாதை சேரும்போது தொலைபேசி மெல்லியதாக ஒரு இசை எழுப்பும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏற்கனவே எங்கோ கண்டதுபோல இருந்தது.

பிறகுதான் விளங்கியது. அந்தக் கட்டடங்களுக்கு முன்மாதிரி ஹொலந்து ஓவியர் எஷர். அவர் 1922இலும் 1936இலும் கிரனாடாவின் அல்ஹம்ராவுக்குப் போய், சுவர்களில் நம் முன்னோர் பதித்த ஓட்டுக் கோலங்களைப் பார்த்து வரைந்துகொண்டு வந்தவர். இடைவெளியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் அவருடைய உருவங்களுக்கு வித்து அங்கேதான் கிடைத்தது. எங்களுக்கே திரும்பிக்கூடப் பார்க்கத் தோன்றாத அந்தச் சுவர், ஒரு ஹொலந்துக்காரர் வழியாக, லண்டன் வழியாக, ஊரடங்கு இரவில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சிங்களக் குழந்தையின் கையில். ஆனால் அன்றிரவு இதையெல்லாம் நினைக்கவில்லை. குழந்தையின் விரலைத்தான் பார்த்தேன்.

முடியும் நேரம் சுபஹுக்குக் கிட்ட இருக்கும். கடைசியில் அந்த இளவரசியும் ஒரு பறவைதான் என்று தெரிகிறது. காகங்கள் அவளுடைய சொந்தச் சனம். கறுப்பு நீங்கி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாகப் பறந்து போயின. குழந்தை சிங்களத்தில் ஏதோ கேட்டுவிட்டு, மகளின் மடியிலேயே தூங்கிவிட்டது. மல்லி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“சேர், அந்த மம்லூக் சீடி இன்னும் இருக்கா?” என்றான்.

இருக்கிறது. மேசை லாச்சிக்குள். எந்தக் கணினியும் இப்போது அதை வாசிப்பதில்லை. 2019 நவம்பரில் அந்த விளையாட்டு புதுப்பிக்கப்பட்டு வந்தபோது மகன் இரண்டு வாங்கினான், ஒன்று தனக்கு, மற்றது மல்லிக்கு. “சீடிக் கடன அடைச்சிட்டன் வாப்பா” என்று செய்தி அனுப்பினான். மௌலவி நண்பரிடம் சொன்னேன். அடைபடுமா இல்லையா என்று அவர் சொல்லவில்லை, சிரித்தார்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் இருவரும் கட்டாருக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் இடையில் விளையாடுகிறார்கள். 2022 ஏப்ரலில் அதில் திராவிடர் என்று ஒரு சமூகத்தையும் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். மம்லூக்கை விட்டுவிட்டு மல்லி இப்போது அதைப் பிடித்திருக்கிறான். போன கிழமை மதிலுக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டான்.

“சேர், இவன் என்னமோ சொல்றான். எனக்கு வெளங்கல்ல.”

போய்க் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சொல். எனக்கும் பிடிபடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

“இன்னொருக்கா அமத்து” என்றேன்.