ரிப்போட் ஏன் பிந்துகிறது?

வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறை. மார்பில் கட்டியென்று முல்லைத்தீவிலிருந்து வந்திருந்த அக்கா, ஊருக்குத் திரும்பப் பை அடுக்கிக்கொண்டிருந்தார். 2009இல் கணவரை இழந்து, தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர். கட்டியில் சிறு துண்டு வெட்டியெடுத்து 8 நாளாகியும் முடிவு வரவில்லை.

"கூடாத வருத்தம் எண்டுதான் தங்கச்சி இழுத்தடிக்கினம். நான் போறன்" என்றார்.

காத்திருக்கச் சொன்ன இடங்களிலெல்லாம் அவருக்கு நல்ல செய்தி கிடைத்ததேயில்லை. சமூகவியல் படித்த எனக்கும் பதில் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் அயலில் இருக்கும் தங்கை ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். மறுநாள் காலை அவளுடன் போனேன். அக்காவின் துண்டு இருந்தது வேறிடத்தில். ஆனால் வேலை ஒன்றுதான்.

சதைத்துண்டு பழுதாகாமலிருக்க முதலில் போமலினில் ஊறுகிறது. பிறகு அற்ககோலில் நீரை அகற்றி, சைலீனில் இட்டு, உருகிய பரபின் மெழுகை உள்ளே ஊறவிடுகிறார்கள். மெழுகு இறுகியதும் மைக்ரோடோம் என்ற கருவியில் சீவுகிறார்கள். ஒரு சீவல் 3 அல்லது 4 மைக்ரோன். தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய 20இல் ஒரு பங்கு.

அந்தச் சீவலை இளஞ்சூட்டு நீரில் மிதக்கவிட்டாள். சுருக்கங்கள் மெல்ல விரிந்தன. பென்சிலால் இலக்கமிட்ட கண்ணாடித் தகட்டை நீருக்குள் சரித்து, சீவலை ஏந்தியெடுத்தாள். பாலாடையைக் கிழியாமல் எடுப்பதுபோல இருந்தது. மடிந்தாலோ காற்றுக்குமிழ் அகப்பட்டாலோ வைத்தியரால் தெளிவாகப் பார்க்க முடியாது, மறுபடி சீவவேண்டும். பின்னர் காயவைத்து, மெழுகைக் கரைத்து, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமிட்ட பிறகே நுணுக்குக்காட்டி. சந்தேகமிருந்தால் வேறு சாயங்களும் இடுவார்கள்.

அன்று மாலையே அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாலாடை மாதிரி எண்டா அவசரப்படுத்தேலாதுதான்" என்று பையை அவிழ்த்தார்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் அது வேறிடங்களுக்குப் பரவவில்லை என்று அடுத்த பரிசோதனைகளில் தெரிந்தது. மகரகமவில் சிகிச்சை பெற்று, இன்று ஊரில் தோட்டம் செய்கிறார். அன்று பஸ் ஏறியிருந்தால்?

சகோதரிகளே, சதைத்துண்டை உங்கள் கையில் தந்தனுப்பினால் போத்தலில் பெயரும் இலக்கமும் சரியா என்று பாருங்கள். அதைத் தண்ணீரில் போடாதீர்கள். முடிவு பிந்தினால் பயந்து போய்விடாமல், எப்போது வரும் என்று கேளுங்கள். வந்ததும் நீங்களே போய் வாங்கி வைத்தியரிடம் காட்டுங்கள். அது உங்களுக்காக எழுதப்பட்டது.