இருபது டிகிரி அறை

புனேயில் நடுவயதில் தொழில் மாறுவதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் டாக்டர் ஸ்ரீராம் லாகூவின் பெயர் வராமல் போகாது. 1927இல் சாத்தாராவில் பிறந்தவர். இங்குள்ள பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் படித்துக் காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவரானார். கனடாவிலும் இங்கிலாந்திலும் மேற்பயிற்சி பெற்று, தான்சானியாவின் தபோராவில் வேலை பார்த்து, புனேயிலும் தொழில் நடத்தினார். கூடவே நாடகமும் ஓடிக்கொண்டிருந்தது. 1969இல், பிள்ளைகளுக்குச் சொத்து சேர்க்கும் வயதில், மருத்துவத்தை விட்டுவிட்டு முழுநேர நடிகரானார். மறு ஆண்டு குசுமாக்ரஜ் எழுதிய ‘நடசம்ராட்’ மேடையேறியது. கணபத்ராவ் பேல்வல்கர் என்ற முதிய நடிகராக லாகூ நின்ற நிற்பைப் பற்றி இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் குரல் தழுதழுக்கப் பேசுவார்கள். 2019 டிசம்பரில் புனேயிலேயே காலமானார்.

என்னிடம் அவரைப் பற்றிப் பேசிய எல்லோரும் அவருடைய துணிச்சலைத்தான் சொன்னார்கள். என் மனசு போவது அவர் கீழே வைத்த கத்தியிடம். காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர்தான். மனித உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்யப் படித்த கை அது. அந்தக் கையிடம் ஒருநாள் போதும், சும்மா இரு என்றால் அது கேட்டிருக்குமா? ஒத்திகைக்கு நடுவே, கைதட்டலுக்கு நடுவே, அந்த விரல்கள் எதையாவது தேடியிருக்காதா?

நானும் ஒரு கைவேலையை விட்டு வந்தவன் என்பதால் கேட்கிறேன்.

கோவையில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு எண்பதுகளில் இங்கே ரயிலேறி வந்தேன். பிம்ப்ரி - சிஞ்ச்வட் பகுதி அப்போது ஆட்களை வாரி எடுத்துக்கொண்டிருந்தது. 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், அறுபதுகளில் டெல்கோ என்று பெரிய ஆலைகள் வந்து, அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சிறு பட்டறைகள் முளைத்திருந்தன. டெல்கோவை இங்கே எழுப்பிய சுமந்த் முல்காவ்கர், லாரி வெளிவருவதற்கு முன்பே இயந்திரக் கருவிகள் செய்யும் பிரிவைத் தொடங்கியவர். முதலில் கருவி, பிறகுதான் வண்டி. வேறு கம்பெனிகளின் டூல்ரூம் ஆட்கள்கூட அதைத் தங்கள் சொந்தப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நான் சேர்ந்தது நடுத்தர அளவில் ஒரு கம்பெனி. முதல் ஷிப்டுக்கு லோனாவ்ளா லோக்கலில் விடியுமுன் ஏறி, பாதித் தூக்கத்தோடு சிஞ்ச்வடில் இறங்க வேண்டும். தமிழன் என்று தெரிந்ததும் எனக்குப் பெயர் ‘அண்ணா’ என்றாகிவிட்டது. என்னைவிட மூத்தவர்களுக்கும் நான் அண்ணாதான்.

சில வருஷம் லேத்திலும் கிரைண்டிங்கிலும் கழிந்த பிறகு, அளவுகளைச் சரிபார்க்கும் ஸ்டாண்டர்ட்ஸ் ரூமுக்கு மாற்றினார்கள். நான் ஏங்குவது அந்த அறைக்காக.

நீளத்தை அளப்பதற்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் நீளும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே வெளியே மே மாதப் புனே நாற்பதைத் தொட்டுக் கொதிக்கும்போதும் உள்ளே நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பட்டறையிலிருந்து வந்த துண்டை உடனே அளக்கக் கூடாது. அது குளிர்ந்து அறையோடு ஒத்துப்போகும்வரை மேஜைமேல் கிடக்கும். உற்பத்தி ஆட்கள் கதவுக்கு வெளியே கத்துவார்கள். எங்கள் மூத்தவர் அசையமாட்டார்.

சுவரோரம் மரப்பெட்டியில் ஸ்லிப் கேஜ்கள் இருக்கும். பளபளவென்று தேய்த்த எஃகுக் கட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு துல்லியமான தடிமன். 1896இல் ஸ்வீடனில் யோஹான்சன் என்ற துப்பாக்கி ஆலை ஊழியர் கண்டுபிடித்தது. மனைவியின் தையல் இயந்திரத்தை மாற்றியமைத்து, வீட்டிலேயே அவற்றைத் தேய்த்தெடுத்தாராம். இரண்டு கட்டைகளை மென்தோலால் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து, மெல்ல அழுத்தித் திருப்ப வேண்டும். முதலில் வழுக்கும். பிறகு ஒரு கணம் லேசாக இழுக்கும். அந்த இழுப்பு விரலுக்குத் தெரிந்துவிட்டால் போதும், கட்டைகள் ஒட்டிக்கொண்டன. பசை இல்லை, காந்தம் இல்லை. தூக்கினால் இரண்டும் ஒன்றாக வரும். சமதளம் சமதளத்தைச் சந்தித்தால், நடுவே ஈரத்தின் மெல்லிய படலம் இருந்தால், எஃகும் எஃகைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தூசு இருந்தால் பிடிக்காது. எத்தனை தடவை செய்தாலும் அந்த இழுப்பு வரும் கணத்தில் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவும்.

மூத்தவர் என்னை முதலில் கேஜைத் தொடவே விடவில்லை. கையைப் பார்த்தார். சிலருடைய வியர்வை பட்டால் எஃகு மறுநாளே துருப்பிடித்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த அறையில் இடமில்லை. என் கை தப்பியது. அடுத்து, இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நகத்தால் வருடச் சொன்னார். எது உயரம்? சில மைக்ரான் வித்தியாசம் நகத்துக்குத் தெரியும். தெரியாதென்று நினைப்பவர்கள் செய்து பார்க்காதவர்கள். எனக்கு அது பிடிபட வருஷக்கணக்காயிற்று. பிடிபட்டபின், பஸ் கம்பி, வீட்டு மேஜை விளிம்பு, மகளின் பென்சில் டப்பா என்று தொட்டதையெல்லாம் அளந்துகொண்டே திரிந்தேன்.

2000ஐ ஒட்டிய வருஷங்களில் எல்லாம் மாறியது. மூன்று அச்சிலும் தானே தொட்டு அளக்கும் சிஎம்எம் இயந்திரம் வந்தது. விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. மகள் கல்லூரிக்குப் போகும் வயது. அந்தப் பக்கம் ஹிஞ்சவடியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. அளவை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் இடத்தில், பட்டறை தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். என் வயதில் பாதி இருந்தவர்களிடம் உட்கார்ந்து கற்றேன். நன்றாகக் கற்றேன். அந்த முடிவு தப்பென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மகள் படித்ததும், சொந்தமாக வீடு அமைந்ததும் அதனால்தான்.

ஆனாலும் புனேயில் எனக்குப் பொறாமை வருகிற மனிதர் ஒருவர் உண்டு. மனநல மருத்துவர் மோகன் அகாஷே. 1972இல் ‘காசிராம் கோத்வால்’ நாடகத்தில் நானா பட்னவிஸாக நடித்தவர்; நடிப்பையும் மருத்துவத்தையும் ஒன்றுக்காக ஒன்றை விடாமல் வைத்துக்கொண்டவர். மனநல மருத்துவருக்கு முக்கியமாக வேண்டியது காது, பொறுமை, எதிரே ஒரு மனிதர். இவற்றை ஒருவர் எங்கும் கொண்டுபோகலாம். என்னுடைய தொழிலுக்கு 20 டிகிரி அறை வேண்டும், கிரானைட் மேஜை வேண்டும், கதவுக்கு வெளியே கத்துகிற உற்பத்தி ஆள் வேண்டும். அதைச் சுமந்துகொண்டு ஹிஞ்சவடி போக முடியாது.

இப்போது என் திரையில் மைக்ரான் ஓர் எண். பச்சையில் வந்தால் சரி, சிவப்பில் வந்தால் தப்பு. கூட வேலை செய்யும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நான் ரசித்துப் பார்க்கும் கணக்குகளை எழுதுகிறார்கள். அவர்களில் ஒருத்தி ஒருநாள், “சார், ரெண்டு மைக்ரான்னா எவ்வளவு?” என்று கேட்டாள். எண்ணைக் கேட்கவில்லை, எண் அவளுக்குத் தெரியும். எப்படி இருக்கும் என்று கேட்டாள். நகத்தால் மேஜையைத் தடவிக் காட்டப் பார்த்தேன். மேஜை லேமினேட் பலகை. அதில் காட்ட ஒன்றுமில்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

மாலையானால் சில நாள் ஸ்பிண்டில் ஆயில் வாசனை எங்கிருந்தோ வருவதுபோல் இருக்கும். கண்டே நவமி நெருங்கினால் இன்னும் மோசம். இங்கே பட்டறைக்காரர்கள் அன்றைக்கு இயந்திரங்களுக்குச் செண்டுமல்லி மாலை போட்டுத் தேங்காய் உடைப்பார்கள். நம்மூர் ஆயுத பூஜைதான். மறுநாள் தசராவுக்கு ஆப்டா இலையைத் தங்கம் என்று கையில் கொடுத்துக் கட்டிக்கொள்வார்கள். கிரீஸ் ஒட்டிய கைகளிலிருந்து வாங்கிய அந்த இலைகளை வீட்டில் மனைவி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

கூட வேலை பார்த்த ஒருவன் போசரியில் சின்னதாக கிரைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அளவுக்கு இன்னும் பழைய ஸ்லிப் கேஜ் பெட்டிதான். இந்தத் தடவை நவமி பூஜைக்கு மட்டுமல்ல, மறுநாள் முதல் வேலை தொடங்கும்போதும் வருகிறேன், செட்டிங்கை நானே போட்டுக் கொடுக்கிறேன் என்று போனில் சொன்னேன். பேச்சில்லை. ஏதோ யோசித்தான் போல.

“வா அண்ணா,” என்றான். “ஆனா கையைக் காட்டிட்டுத்தான் பெட்டியைத் தொடணும்.”